கையெழுத்துப் போடாதவருக்கும் உரிமை உண்டா? வாசகர் சட்டக் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஆறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவையானாலும் அவற்றில் அடங்கியிருப்பவை இரண்டே கேள்விகள்தாம். ஒப்பந்தத்தில் சேராத மூன்றாம் நபர் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டு உரிமை கோர முடியுமா என்பது ஒன்று. கொடுத்த வாக்கின் பாரம் ஒருவருடைய தலையிலிருந்து எப்போது இறங்குகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படையாக நிற்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தாயார் தமக்குச் சொந்தமான நன்செய் நிலத்தை என் அண்ணனுக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்தார். அதில், ‘என் மகளுக்கு அவள் ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் 60,000 ரூபாய் கொடுத்துவர வேண்டியது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன் நான்கு ஆண்டுகள் வங்கி மூலம் ஒழுங்காக அனுப்பினார். தாயார் காலமான பின் இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் தரவில்லை. கேட்டால், ‘பத்திரம் எனக்கும் அம்மாவுக்கும் இடையில் ஏற்பட்டது, நீ அதில் கையெழுத்துப் போடவில்லை, நீ ஒரு பைசாவும் கொடுக்கவில்லை, நீ எப்படிக் கேட்க முடியும்?’ என்கிறார். எனக்கு வழி உண்டா?
— ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சட்டம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருடைய வக்கீல் அங்கிருந்துதான் தொடங்குவார். ஓர் ஒப்பந்தம் அதைச் செய்துகொண்டவர்களை மட்டுமே கட்டும், அதைக் கொண்டு வழக்குத் தொடரும் உரிமையும் அவர்களுக்கு மட்டுமே உண்டு என்பது பொது விதி. இங்கிலாந்தில் 1861-இல் முடிவான ட்வெடில் எதிர் அட்கின்சன் வழக்கு இதற்குப் பெயர்போனது. மணமகனின் தந்தையும் மணமகளின் தந்தையும் மணமகனுக்குப் பணம் தருவதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மணமகளின் தந்தை ஒப்புக்கொண்ட தொகை 200 பவுண்டு. அவர் அதைக் கொடுக்காமலே இறந்துபோனார். மருமகனே வழக்குத் தொடரலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தும், அவர் தொடர்ந்த வழக்கு தள்ளுபடியானது.

நம் சட்டம் அவ்வளவு இறுக்கமானதன்று. ‘நீ ஒரு பைசாவும் கொடுக்கவில்லை’ என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் பயனைச் சட்டம் மறுபயன் என்கிறது. அதை வாக்குறுதி பெற்றவரே கொடுத்திருக்கலாம், ‘அல்லது வேறு எவரும்’ கொடுத்திருக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு கூறுகிறது. இதை நிலைநாட்டிய வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான சின்னையா எதிர் ராமையா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்ததும் அதுதான். ஒரு தாயார் தம் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்து, தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மகள் பணம் தரவில்லை. பெற வேண்டியவர் எதையும் கொடுக்கவில்லையே என்று அவர் எடுத்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தாயார் கொடுத்த நிலமே அந்த வாக்குறுதிக்குப் போதிய மறுபயன் என்றது.

ஆனால் ஒரு வேறுபாட்டை உங்களிடம் மறைக்கக் கூடாது. அந்த வழக்கில் மகள், பணம் பெற வேண்டியவருக்கே தனியாக ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே பெற வேண்டியவர் அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பினர். உங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை. மறுபயன் கொடுக்காதவர் என்பது ஒன்று, ஒப்பந்தத்துக்கே வெளியாள் என்பது வேறு. முதல் தடையைச் சின்னையா வழக்கு நீக்கிவிடுகிறது. இரண்டாவது தடையைத் தாண்ட, பொது விதிக்கு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட விலக்குகளுக்குள் நீங்கள் வர வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படி மூன்று விலக்குகள் பொருந்தக்கூடும்.

முதலாவது குடும்ப ஏற்பாடு. திருமண ஒப்பந்தம், பாகப்பிரிவினை, குடும்பத்துக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு ஆகியவற்றில் யாருடைய நன்மைக்காக ஒரு ஷரத்து எழுதப்பட்டதோ, அவர் கையெழுத்திடாவிட்டாலும் அதை நிறைவேற்றக் கோரலாம். அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1910-இல் தீர்த்த குவாஜா முகமது கான் எதிர் ஹுசைனி பேகம் வழக்கில், மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாக மாமனார் பெண்ணின் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெண் அந்த ஒப்பந்தத்தில் சேராதவர். ஆயினும் பணத்தைப் பெற அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது. பெற்றோர் பேசி முடிக்கும் திருமணங்கள் நிறைந்த நாட்டில் இங்கிலாந்தின் விதியை அப்படியே போட்டால் பெரிய அநீதி நேரும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இரண்டாவது சொத்தின் மீதான பொறுப்பு, அதாவது வக்கீல்கள் சார்ஜ் என்று சொல்வது. பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ‘மேற்படி சொத்தின் வருமானத்திலிருந்து’ என்றோ, ‘மேற்படி தொகைக்கு மேற்படி சொத்தே பொறுப்பு’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி இருந்தால் உங்கள் நிலை மிகவும் வலுவானது. அந்தப் பொறுப்பை அறிந்து நிலத்தை வாங்குபவரையும் அது தொடரும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எம்.சி. சாக்கோ எதிர் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் வழக்கு சான்று. தந்தை குடும்பத்தாருக்குச் சொத்துகளைக் கொடுத்த பத்திரத்தில், வங்கிக் கடன் ஏதேனும் வந்தால் அதற்கு இன்ன மகன் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அந்தப் பத்திரத்தில் வங்கி தரப்பினர் அன்று, சொத்தின் மீது அதற்குச் சார்ஜும் ஏற்படுத்தப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் வங்கியின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அங்கே கேட்டது வெளியிலிருந்த வங்கி. இங்கே கேட்பது எழுதிக் கொடுத்த தாயின் மகள். இந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமானது.

மூன்றாவது, அண்ணனே நான்கு ஆண்டுகள் பணம் அனுப்பியது. மூன்றாம் நபருக்குத் தாம் பொறுப்பானவர் என்று நடத்தையால் ஒப்புக்கொண்டவர் பிறகு அதை மறுக்க முடியாது. அந்த நான்கு ஆண்டு வங்கிக் கணக்கு விவரங்களை இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிலத்தை ஏற்றுக்கொண்டவர் அதனோடு வந்த பாரத்தை மட்டும் இறக்கி வைக்க முடியாது என்ற வாதத்துக்கு அவற்றைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

காலக்கெடுவில் கவனமாக இருங்கள். வெறும் பணக் கோரிக்கை என்றால் ஒவ்வோர் ஆண்டுத் தொகைக்கும் அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகள்தாம். சொத்தின் மீது பொறுப்பு இருந்தால் 12 ஆண்டுகள். இப்போதே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மதுரையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், வழக்குக்கு முன்பே சமரசம் பேசவும் ஏற்பாடு செய்வார்கள்.

இங்கிலாந்து 1999-இல் தனிச் சட்டம் இயற்றி, மூன்றாம் நபருக்கு நேரடி உரிமை தந்துவிட்டது. நம் சட்ட ஆணையம் 1958-லேயே தன் 13-ஆம் அறிக்கையில் அத்தகைய திருத்தத்தைப் பரிந்துரைத்தது. அது சட்டமாகாமல் போனதால்தான் உங்களைப் போன்றவர்கள் இன்றும் விலக்குகளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பது என் ஆறாத வருத்தம்.

கேள்வி: என் மாமனார் சீர்வரிசையாக வாங்கிக் கொடுத்த குளிர்சாதனப் பெட்டி மூன்றே மாதத்தில் பழுதானது. பில் அவர் பெயரில் இருப்பதால் நான் புகார் செய்ய முடியாது என்று கடையில் சொல்கிறார்கள்.
— வாசகர், அனுப்பானடி

பதில்: கடைக்காரர் சொல்வது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமன்றி, அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. ஒப்பந்தச் சட்டம் தயங்கும் இடத்தில் இந்தச் சட்டம் தயங்கவில்லை. பில்லையும் உத்தரவாத அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உங்கள் பெயரிலேயே புகார் கொடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் 3 லட்சம் ரூபாய் கொடுத்தேன். அவர் நொடித்துப் போயிருந்தபோது அவருடைய மைத்துனர் வந்து 2 லட்சம் கொடுத்தார். ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்று நோட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இப்போது நண்பர் நல்ல நிலைக்கு வந்துவிட்டார். கடன் வாங்கியவர் அவர்தானே, மீதி ஒரு லட்சத்தைக் கேட்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: கேட்க முடியாது, ஐயா. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, கடமையை மூன்றாம் நபர் நிறைவேற்றி, அதைப் பெற வேண்டியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு முதலில் வாக்குக் கொடுத்தவர் மேல் போக இயலாது. 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: பெற வேண்டியவர் தமக்கு வர வேண்டியதை முழுவதுமாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், அதற்கு ஈடாக எதையும் பெற வேண்டியதில்லை. அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று ஏறக்குறைய உங்கள் கதைதான். 5,000 ரூபாய்க் கடனுக்கு மூன்றாமவர் ஒருவர் 1,000 ரூபாய் கொடுக்க, கடன் கொடுத்தவர் அதை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறார். கடன் முழுவதும் அத்தோடு தீர்ந்தது என்கிறது சட்டம்.

உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கபூர் சந்த் கோதா வழக்கில் தொகைகள் பெரியவை; கேள்வி இதுவேதான். நகை வியாபாரிக்கு, ஹைதராபாத் நிஜாமின் மூத்த மகனான பேரார் இளவரசர் வட்டியோடு 27 லட்சத்துக்கு மேல் தர வேண்டியிருந்தது. அரசு அமைத்த குழுவின் ஏற்பாட்டில் 20 லட்சம் கொடுக்கப்பட்டது. முழுத் தீர்வாக அதைப் பெற்றுக்கொண்டு, பிறகு மீதிக்கு வழக்குத் தொடர்ந்தார் வியாபாரி. இந்த இரு பிரிவுகளையும் காட்டி நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. இங்கிலாந்தின் பழைய விதிப்படி குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தது வேறு ஈடு இல்லாமல் செல்லாது என்று வாதிட இடம் உண்டு. நம் சட்டம் வேண்டுமென்றே அந்த வழியை விட்டு விலகியது.

மிரட்டியோ ஏமாற்றியோ அந்த வரிகளை எழுத வைத்திருந்தால் நிலை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இதேபோன்ற நிலையில் இருக்கும் மற்ற வாசகர்கள் கவனிக்க வேண்டியது, பகுதித் தொகை வாங்கும்போது ரசீதில் எழுதும் சொற்களைத்தான். ‘பாக்கி ஒரு லட்சம் நிற்க, இரண்டு லட்சம் வரவு’ என்று எழுதினால் கடன் உயிரோடு இருக்கும்.

கேள்வி: மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் வியாபாரம் செய்கிறேன். மாலை கட்டும் கடை ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் தினம் 10 கிலோ மல்லிகையை ஒரே விலைக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. செய்யவே முடியாத நிலை வந்ததால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?
— வாசகர், மதுரை

பதில்: நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இயலாமை வேறு, நஷ்டம் வேறு. 1953-இல் சத்யபிரத கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயலாமை என்பது உலகத்தில் யாராலும் முடியாதது என்ற நேர்ப்பொருளில் மட்டும் கொள்ளத் தக்கதன்று, ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்துபோயிருந்தாலும் போதும் என்று விரிவாகப் பொருள் கூறியது. ஆயினும் அந்த வழக்கிலேயே, போர்க்காலத்தில் அரசு நிலத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது ஒப்பந்தத்தைத் தகர்க்கவில்லை என்றுதான் முடிவு சொன்னது. 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில், இந்தோனேசியாவில் சட்டம் மாறி நிலக்கரி விலை ஏறியதைக் காட்டி விலக்குக் கேட்ட மின் நிறுவனங்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது: செலவு கூடியது இயலாமை ஆகாது.

மேலும், மார்கழி, தை மாதங்களில் மல்லிகை வரத்து குறைவதும் முகூர்த்த நாள்களில் விலை ஏறுவதும் மதுரையில் பூ விற்கும் எவருக்கும் தெரியாததன்று. எதிர்பார்த்திருக்கக்கூடிய ஒன்றை எதிர்பாராத நிகழ்வு என்று நீதிமன்றத்தில் சொல்வது கடினம்.

ஒரே ஒரு வழி இருக்கக்கூடும். உங்கள் ஒப்பந்தத்தில் ‘இன்ன ஊரில் உள்ள என் தோட்டத்துப் பூ’ என்று குறிப்பிட்டிருக்கிறதா? 1876-இல் இங்கிலாந்தில் ஹோவெல் எதிர் கூப்லண்ட் வழக்கில், குறிப்பிட்ட நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தருவதாக ஒப்புக்கொண்ட உழவர், நோயால் விளைச்சல் அழிந்தபோது பொறுப்பிலிருந்து விடுபட்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்ட வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்களுடையது இரண்டாவது வகை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது.

நீங்கள் பூ கொடுப்பதை நிறுத்தினால், கடைக்காரர் சந்தையில் வாங்கிக்கொண்டு, சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 73-ஆம் பிரிவின் கீழ் உங்களிடம் கேட்கலாம். ஆகவே நிறுத்துவதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். 62-ஆம் பிரிவின்படி இரு தரப்பும் மனம் ஒப்பி நிபந்தனையை மாற்றிக்கொண்டால் பழைய கடமை தீர்ந்து புதியது நடைமுறைக்கு வரும். பனிக் காலத்துக்கு மட்டும் எடையைக் குறைத்தோ, அன்றாடச் சந்தை விலையோடு இணைத்தோ ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: மகள் திருமணத்துக்குப் புகழ்பெற்ற நாகசுர வித்துவான் ஒருவரைப் பேசி 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். திருமணத்துக்கு நான்கு நாள்களுக்கு முன் அவர் நோயில் படுத்துவிட்டார். தம் மகன் வாசிப்பார் என்றார்கள். நாங்கள் சம்மதிக்காமல் வேறு ஆளைப் பேசிக்கொண்டோம். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: கிடைக்க வேண்டும். ஒருவருடைய தனித்திறமையை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை அவரே நிறைவேற்ற வேண்டும் என்பது 40-ஆம் பிரிவு. எத்தனை தேர்ந்த கலைஞரானாலும், மகனை ஏற்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாகச் சம்மதித்து அவர் வாசித்திருந்தால், மேலே சொன்ன 41-ஆம் பிரிவின்படி வித்துவானின் கடமை நிறைவேறியதாகியிருக்கும். குறிப்பிட்ட வித்துவானின் பெயரைச் சொல்லாமல் ‘ஒரு செட் மேளம்’ என்று மட்டும் பேசியிருந்தாலும் பதில் மாறும்.

நோயால் வாசிக்க இயலாமல் போனது அவர் குற்றமன்று. ஆகவே கூடுதலாகக் கொடுத்து வேறு மேளம் பேசிய செலவை அவரிடம் கேட்க முடியாது. அட்வான்ஸை மட்டும் 65-ஆம் பிரிவின்படி அவர் திருப்பித் தர வேண்டும். முன்பணம் வாங்கிய பாடகர் நோயுற்றுப் பாட முடியாமல் போனால் அந்தப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டோடு சொல்கிறது. அவர் உடல் தேறும்வரை பொறுத்துக் கேளுங்கள். காலக்கெடு 3 ஆண்டுகள் இருக்கிறது.

கேள்வி: வீடு கட்டும் வேலையைக் காண்டிராக்டர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். குழாய் வேலையை அவர் வேறொருவருக்கு விட்டிருந்தார். இப்போது காண்டிராக்டர் பாதியில் வேலையை விட்டுவிட்டு வருவதில்லை. குழாய் வேலை செய்தவர், தமக்கு வர வேண்டிய 90,000 ரூபாயை என்னிடம் கேட்கிறார். காண்டிராக்டருக்கு நான் இன்னும் ஒன்றரை லட்சம் தர வேண்டும். அதிலிருந்து கொடுத்துவிடலாமா?
— வாசகர், மேலூர்

பதில்: குழாய் வேலைக்காரருக்கு ஒப்பந்தம் காண்டிராக்டரோடுதான், உங்களிடம் நேரடியாகக் கேட்கும் உரிமை அவருக்கு ஒப்பந்தத்தால் வரவில்லை. உழைத்தவர் கூலியில்லாமல் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்களாக 90,000 கொடுத்துவிட்டால் காண்டிராக்டர் கணக்கில் அந்தத் தொகை தானாகக் கழியாது. நாளை அவர் வந்து ஒன்றரை லட்சத்தையும் கேட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. கடன் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற வேண்டுமானால் மூவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் பழைய கடன் அப்படியே நிற்கும் என்பதற்கு 62-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டே இருக்கிறது. காண்டிராக்டரிடமிருந்து ‘என் கணக்கில் கழித்துக்கொண்டு இன்னாருக்கு 90,000 கொடுக்கவும்’ என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்க முடிந்தால் தாராளமாகக் கொடுங்கள். ‘வேலையை முடி, உன் பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று முன்பே அவரிடம் நீங்கள் சொல்லியிருந்தால் மட்டும் அது தனி ஒப்பந்தமாகலாம். அப்படிச் சொன்னீர்களா என்பதை யோசித்துப் பாருங்கள்.

மீதி வேலைக்கு, 2018-இல் திருத்தப்பட்ட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 20-ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். காண்டிராக்டருக்கு எழுத்து மூலம் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குள்ளும் அவர் வராவிட்டால் வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்து, அதற்கு ஆன செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் முடித்துவிட்டால் இந்தப் பிரிவின் கீழ் அந்தச் செலவைக் கேட்க முடியாது. இப்போது நின்றிருக்கும் நிலையிலேயே கட்டடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இதுவரை கொடுத்த பணத்துக்கான ரசீதுகளையும் சேர்த்து, நோட்டீஸை, அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள்.